கல்யாண ஓலையில் நான் சொன்ன பொய்

ஆண்டவரை நம்பி வாழும் என் உறவுகளே, இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். எழுதாமல் விட்டால் அது இன்னும் பெரிய வெட்கம்.

என் பெயர் பிலோமினா. மரக்காணத்துக்குப் பக்கத்தில் உள்ள இலங்கை அகதிகள் முகாமில் பதினேழு வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். உப்பளத்தில் கூலி வேலை. எங்கள் பங்குக் கோயிலில் சாட்சி சொல்வதில் எனக்கு நல்ல பேர் உண்டு. தியானக் கூட்டம் என்றால் “பிலோமினாம்மாவக் கூப்பிடுங்க” என்பார்கள். மைக்கைக் கையில் கொடுத்தால் லேசில் திருப்பித் தரமாட்டேன். அந்தச் சாட்சிகளைத் திருத்துவதற்காகத்தான் இந்தச் சாட்சி.

என் கணவர் யேசுதாசன் மன்னார்ப் பக்கத்தில் கடல் தொழில் செய்தவர். போர் முற்றிய நேரத்தில் என்னையும் நான்கு வயது மகள் நிரோஜியையும் படகில் ஏற்றிவிட்டார். தன் தாயை விட்டுவிட்டு வர அவருக்கு மனமில்லை. “அம்மாவையும் கூட்டிக்கொண்டு அடுத்த படகில வாறன்” என்றார். அடுத்த படகு வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. அவர் வரவில்லை. இறந்துவிட்டார் என்று சொல்ல ஆளில்லை, இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை. கடிதம் எழுதிப் போடாத இடமில்லை. வந்த பதிலிலெல்லாம் ‘தகவல் இல்லை’ என்றுதான் இருந்தது.

முதல் சில வருடங்கள் எனக்குப் பைத்தியம் பிடிக்காமல் காத்தது செபமாலைதான். அதில் பொய்யில்லை. ஐம்பத்து மூன்று மணியையும் உருட்டி முடித்தால் மூச்சு கொஞ்சம் சீராகும். எழும்பி அடுப்புப் பற்ற வைக்கலாம், பிள்ளைக்குத் தலை வாரிவிடலாம். அவ்வளவு போதுமாக இருந்தது.

பிறகு ஒரு தவக்காலத் தியானத்தில் ஒவ்வொருவராக எழும்பி ஆண்டவர் தங்களுக்குச் செய்ததைச் சொன்னார்கள். எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருந்தது. எழும்பினேன். “ஆண்டவர் என்னோடு பேசினார். உன் கணவர் திரும்பி வருவார் என்று சொன்னார்” என்றேன். ஆண்டவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. சபையே கைதட்டியது. சாமியார் என்னை விசுவாசத்துக்கு எடுத்துக்காட்டு என்றார். அதன்பிறகு வருடா வருடம் அதையே சொன்னேன், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியும் சொன்னேன். நிரோஜி முன்வரிசையில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

என் விசுவாசத்தின் லட்சணத்துக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் முகாமில் சாந்தி என்று ஒருத்தி. என்னோடு உப்பளத்துக்கு வருபவள். கணவனையும் மகனையும் கண் முன்னே பறிகொடுத்தவள். அரசு ஆஸ்பத்திரியில் மனநோய்க்குப் பார்க்கும் டாக்டரிடம் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு வந்தாள். அவளிடம் நான், “உனக்கு விசுவாசம் காணாது சாந்தி. என்னைப் பார், நான் மாத்திரையா விழுங்கிறன்?” என்று பத்துப் பேர் கேட்கச் சொன்னேன். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த உப்புப் பாத்திக்குப் போனாள். அந்த நாட்களில் எனக்கே ராத்திரித் தூக்கம் கிடையாது. நெஞ்சு படபடக்கும். சும்மா இருக்கும்போது படகு இஞ்சின் சத்தம் காதில் கேட்கும். இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. எடுத்துக்காட்டு என்று பேர் வாங்கியவள் எப்படிச் சொல்வாள்?

போன வருடம் நிரோஜிக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை ஸ்டீபன், பக்கத்து ஊரான அனுமந்தைப் பையன், வேன் ஓட்டுகிறார். அவர்கள் இருவரும் விரும்பி, பிறகு பெரியவர்கள் பேசியது. முகாம் பெண் என்று அவர்கள் வீட்டில் யாரும் முகம் சுளிக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா ஆரோக்கியமேரி கணீரென்ற குரல்காரி. எங்கள் வீட்டுக்கு வந்து, டீ குடித்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார்.

“அண்ணி, பத்திரிகைல பொண்ணோட அப்பா பேர எப்படிங்க போடறது? இருக்காரா, இல்லீங்களா?”

 எங்கள் முகாமில் மாதாமாதம் செக்கிங் உண்டு. அதிகாரி பேர் கூப்பிட்டால் ஆள் முன்னால் போய் நிற்கவேண்டும். புதிதாக வரும் அதிகாரிகள் ஒவ்வொருவரும் “குடும்பத் தலைவர் எங்கே?” என்று கேட்பார்கள். நீளமாகச் சொல்லத் தொடங்கினால் பேனா நின்றுவிடும், வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அதனால் எந்தப் பதிலைச் சொன்னால் பேனா நகருமோ அந்தப் பதிலைச் சொல்ல நாங்கள் எல்லோருமே பழகிவிட்டோம். அந்த அம்மா சாதாரணமாகக் கேட்டதும் எனக்கு அதிகாரி கேட்டது மாதிரிதான் இருந்தது. தகப்பன் எங்கே என்றே தெரியாத வீட்டில் பெண் எடுக்கத் தயங்குகிறார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன். “கோயிலில எழுதிக் குடுக்கிறன் அண்ணி, அதைப் பாத்துப் போடுங்கோ” என்று சொல்லித் தப்பித்தேன்.

கோயில் அலுவலகத்தில் உபதேசியார் கல்யாண ஓலைக்கு ஃபாரம் நிரப்பினார். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை பெண் பேரை, பெற்றோர் பேரோடு சபை முன்னால் வாசிப்பார்கள். தடை ஏதும் இருந்தால் தெரிந்தவர்கள் சொல்லவேண்டும். தகப்பன் பேருக்கு நேரே இரண்டு கட்டம் இருந்தது. உயிருடன் உள்ளவர் என்று ஒன்று, காலஞ்சென்றவர் என்று ஒன்று.

“இருக்காராம்மா, இல்லியா? எதுல டிக் பண்ணட்டும்?” என்றார் உபதேசியார். பேனா காத்துக்கொண்டிருந்தது.

“இல்லை” என்றேன்.

அவர் டிக் அடித்தார். பேனா நகர்ந்தது. உறவுகளே, என் வெட்கம் அந்தப் பொய்யில் மட்டும் இல்லை. சொல்லி முடித்ததும் என் உடம்பு லேசாகிவிட்டது. பதினேழு வருடக் காத்திருப்பு முடிந்தது என்று ஒரு நிம்மதி. அந்த மனுஷனை ஒரு சொல்லில் கொன்றுவிட்டு, வழியில் கரும்பு ஜூஸ் வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஈஸ்டர் முடிந்த அடுத்த ஞாயிறு முதல் ஓலை. நிரோஜி பாடகர் குழுவில் பாடுகிறவள். பீடத்துக்குப் பக்கத்தில் சபையைப் பார்த்தபடி நின்றிருந்தாள். நற்கருணை கொடுத்து முடிந்து அறிவிப்பு நேரம் வந்தது. உபதேசியார் வாசித்தார்: “காலஞ்சென்ற யேசுதாசன், பிலோமினா இவர்களின் மகள் நிரோஜினி...”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் கழுத்தில் தாலி கிடந்தது. பக்கத்தில் இருந்த பெண்கள் அதைப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. இவள் கணவன் வருவான் என்றுதானே இத்தனை வருடமும் கைதட்டினார்கள். நிமிர்ந்தபோது நிரோஜி பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நடு வழியில் நடந்து வெளியே போய்க்கொண்டிருந்தாள்.

நான் வீடு போய்ச் சேர்ந்தபோது என் தகரப் பெட்டியை அவள் கொட்டிக் கவிழ்த்திருந்தாள். கடிதங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“எப்ப அம்மா செய்தி வந்தது? எங்க அந்தக் கடிதம்? ஏன் எனக்குக் காட்டேல்லை?”

அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். என் பிள்ளை என்னை நம்பினாள். செய்தி வந்துதான் நான் அப்படி எழுதிக் கொடுத்தேன் என்று நினைத்து அவள் தகப்பனுக்காக அழுதுகொண்டிருந்தாள். கடிதம் ஒன்றும் வரவில்லை என்று நான் சொன்னேன். அவளுக்கு விளங்க நேரம் எடுத்தது.

“அப்ப ஏன் சொன்னனீங்கள்?”

“உபதேசியார் கேட்டவர். சொன்னனான்.”

“ஆண்டவர் உங்களோட பேசினவர் எண்டது?”

நான் கொட்டிக் கிடந்த கடிதங்களைப் பொறுக்கத் தொடங்கினேன். அதுவே பதில் என்று அவளுக்கு விளங்கியது. அன்றிலிருந்து அவள் என்னோடு பேச்சை நிறுத்தினாள். புதுச்சேரிக்கு வேலைக்குப் போனாள், வந்தாள், தானே போட்டுச் சாப்பிட்டாள், சுவரைப் பார்த்துப் படுத்தாள். பாட்டுப் பயிற்சிக்குப் போகவில்லை. கல்யாணம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை.

இரண்டாம் ஞாயிறு காய்ச்சல் என்று பொய் சொல்லிப் படுத்துக்கொண்டேன். இரண்டாம் ஓலையிலும் ‘காலஞ்சென்ற’ என்றே வாசித்தார்கள். போய் நிறுத்தியிருக்கலாம். தைரியம் வரவில்லை. மனது அதோடு உடைந்தது. செபமாலையை எடுத்தால் என் கணவருக்காக எந்த வார்த்தையில் ஜெபிப்பது என்று தெரியவில்லை. சுகமாகத் திரும்பி வரவேண்டும் என்று கேட்டால் நானே கொன்றவள். இறந்தவர்களுக்குக் கேட்கிற நித்திய இளைப்பாற்றியைக் கேட்டால் உயிரோடு எங்காவது இருக்கும் மனுஷனுக்குச் சமாதி கட்டுகிறவள். இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருந்தது. செபமாலையைப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். விடியாமலே இருந்தால் நல்லது என்று நினைக்கத் தொடங்கினேன்.

திங்கட்கிழமை உப்பளத்தில் நின்றுகொண்டிருந்தேன். சாந்தி வந்து என் கையிலிருந்த வாருபலகையைப் பிடித்தாள்.

“அக்கா, ஒரு மணித்தியாலமா இந்தப் பாத்தியைத்தான் வாருறீங்கள். இதில உப்பு முடிஞ்சுது.”

குனிந்து பார்த்தேன். வெறும் சேற்றை வாரிக்கொண்டிருந்தேன். அப்படியே உட்கார்ந்து எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன். யாரை விசுவாசம் போதாதவள் என்று பத்துப் பேர் முன்னால் சொன்னேனோ, அவளிடம். அவள் ஒரு வார்த்தை குத்திச் சொல்லவில்லை. “நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. டாக்டரம்மா வாற நாள். ரெண்டு பேரும் போவம்” என்றாள்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பங்கைச் சேர்ந்த யாராவது பார்த்துவிட்டால் என்று பயம். என் புத்தி போன போக்கைப் பாருங்கள். டாக்டரம்மா என் மகள் வயதைவிடக் கொஞ்சம்தான் கூட. “எத்தினி வருஷமா தூக்கம் இல்லம்மா?” என்று கேட்டார். வந்த நாளிலிருந்து என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, “அப்ப மெதுவா முழுசும் சொல்லுங்க” என்றார். என் பதில் நீளமாக இருந்தபோது ஒருவர் பேனாவைக் கீழே வைத்தது அதுதான் முதல் தடவை. மாத்திரை எழுதித் தந்தார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார்.

ஆஸ்பத்திரியிலிருந்து சாந்தி பஸ் ஏறிப் போய்விட்டாள். நான் கோயிலுக்குப் போனேன். உள்ளே ஒருவரும் இல்லை. பீடத்துக்கு முன்னால் முழந்தாளிட்டுப் பல வருடத்துக்குப் பிறகு அலங்காரம் இல்லாமல் ஜெபித்தேன். “ஆண்டவரே, அவர் வருவாரா என்று இனி உம்மைக் கேட்கமாட்டேன். நான் ஒரு பொய்க்காரி. உண்மையைச் சொல்ல எனக்கு வாய் தாரும். அதன்பிறகு என் பிள்ளையை எனக்குத் திருப்பித் தாரும்.” அவ்வளவுதான். சத்தம் ஒன்றும் கேட்கவில்லை, வெளிச்சம் ஒன்றும் வரவில்லை. ஆனால் எழும்பியதும் என் கால் வீட்டுப் பக்கம் போகாமல் சாமியார் அறைப் பக்கம் போனது. அதை நான் செய்ததாக இன்றுவரை என்னால் நினைக்க முடியவில்லை.

நான் சொன்னதைக் கேட்டுச் சாமியார் திகைத்துப் போனார். “ஏம்மா, நீங்களேதான காலமானவர்னு எழுதிக் குடுத்தீங்க? அப்போ இருக்காரா?”

“அதுவும் தெரியாது சாமி.”

“ஃபாரத்துல அதுக்குக் கட்டம் இல்லியேம்மா” என்றார். சொல்லிவிட்டு அவரே வருத்தப்பட்ட மாதிரித் தெரிந்தது.  பிறகு சொன்னார்: “மூணாவது ஓலைல வெறும் பேரு மட்டும் வாசிக்கச் சொல்றேன். ஆனா மாப்ள வூட்ல நீங்களே போய்ச் சொல்லிடணும். ஞாயித்துக்கிழம மன்றாட்டு நேரத்துல சபைக்கும் நீங்களே சொல்லணும். நீங்க சொல்லித்தான இத்தினி வருஷம் எல்லாரும் நம்புனோம்.”

அனுமந்தைக்குப் பஸ் ஏறினேன். இந்தக் கல்யாணம் நின்றால் நிரோஜி என்னை மன்னிக்கவே மாட்டாள் என்று நினைத்தேன். மாப்பிள்ளையின் அம்மா முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

“அண்ணி, இது எங்களுக்கு எப்பவோ தெரியும். அப்பா இருக்காரா இல்லியான்னு தெரியாதுன்னு உங்க பொண்ணு ஸ்டீபன் கிட்ட மொத நாளே சொல்லிடுச்சி. பேரு போடறதுக்குத்தான் உங்களக் கேட்டேன். நீங்க ‘இல்ல’ன்னு எழுதிக் குடுத்ததும் ஏதோ சேதி வந்துடுச்சி போலன்னு நாங்களும் சும்மா இருந்துட்டோம்.” குரல் உயர்ந்தது. “எங்களப் பத்தி அவ்ளோ கேவலமாவா நெனச்சீங்க?”

ஆம், அப்படித்தான் நினைத்தேன். என் மகள் உண்மையைச் சொல்லி ஒரு உறவைச் சம்பாதித்திருந்தாள். நான் யாருமே கேட்காத பொய்யைச் சொல்லி அவளை இழந்திருந்தேன். அந்த அம்மாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். கோபம் முழுசாகப் போகவில்லை, ஆனாலும் சாப்பிடாமல் விடவில்லை.

மூன்றாம் ஞாயிறு நிரோஜி கோயிலுக்கு வருவாளா என்று எனக்குத் தெரியாது. நான் அவளுக்கு முன்னாலேயே தனியாகக் கிளம்பிவிட்டேன். மன்றாட்டு நேரம் வந்ததும் சாமியார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மைக்குக்கு முன்னால் போய் நின்றேன். வழக்கமான சாட்சிதான் என்று சிலர் சிரித்த முகமாக நிமிர்ந்தார்கள். 

“என் கணவர் யேசுதாசன் உயிரோடு இருக்கிறாரா, இறந்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. அவர் வருவார் என்று ஆண்டவர் சொன்னதாக இங்கே நின்று பல தடவை சொன்னேன். ஆண்டவர் அப்படிச் சொல்லவில்லை. அவர் இறந்துவிட்டார் என்று ஓலையில் எழுதிக் கொடுத்தேன். அதுவும் பொய். அவர் எங்கே இருந்தாலும், எப்படி இருந்தாலும்...”

அதற்கு மேல் வரவில்லை. மன்றாட்டை முடிக்க ‘ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்’ என்று சொல்லவேண்டும். அப்போதுதான் சபை பதில் சொல்லும். நூறு தடவை சொன்ன வார்த்தை, எனக்கு மறந்துபோனது. சபைக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.  மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. நான் அங்கேயே செத்துவிடலாம் போல நின்றேன்.

அப்போது கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

“ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.”

என் நிரோஜியின் குரல். அவள் வந்திருந்தாள். அவள் ஒருத்தி சொன்னாள், உடனே சபை முழுவதும் சேர்ந்து சொன்னது. சாந்தி சொன்னாள், அனுமந்தையிலிருந்து வந்திருந்த அந்த அம்மா தன் கணீர் குரலில் சொன்னார், மாப்பிள்ளை சொன்னார். தெரியாது என்பதையும் ஒரு ஜெபமாக அத்தனை பேரும் ஏற்றுக்கொண்டார்கள். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மற்றச் சாட்சிகளில் நான் அழுததில் பாதி நடிப்பு. இது அப்படியில்லை.

வீடு திரும்பும் பஸ்ஸில் நிரோஜி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாதி வழி போனது. பிறகு, “கல்யாணக் கார்டில அப்பான்ர பேரைச் சும்மா பேரா மட்டும் போடுவம் அம்மா” என்றாள். “ஓம், அப்பிடியே போடுவம்” என்றேன். இரண்டு வாரத்தில் அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு அது. மே மாதம் கல்யாணம் முடிந்தது.

ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். என் கணவரைப் பற்றி இன்றும் ஒரு தகவலும் இல்லை. மாத்திரை இன்னும் சாப்பிடுகிறேன், செபமாலையும் சொல்கிறேன், இரண்டுக்கும் சண்டை இல்லை. ராத்திரி நான்கைந்து மணிநேரம் தூங்குகிறேன். சாந்தியிடம் அதே பத்துப் பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். “சும்மா இருங்கோ அக்கா” என்றாள். மகள் என்னை முழுதாக மன்னித்துவிட்டாளா என்று கேட்டால், பேச்சில் ‘ஆண்டவர் சொன்னார்’ என்று எப்போதாவது என் வாயில் வந்துவிட்டால் இன்னமும் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள். பார்க்கட்டும், எனக்கு அது வேண்டியதுதான்.

முகாமில் புதன்கிழமை சாயங்காலம் சாந்தி வீட்டில் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். காணாமல் போனவர்களுக்காகக் காத்திருப்பவர்கள். இந்துக்களும் வருகிறார்கள். அங்கே ஒருவரும் வெற்றிக்கதை சொல்லவேண்டியதில்லை, உங்கள் விசுவாசம் எவ்வளவு என்று கேட்க ஆளில்லை. உங்களுக்கும் அப்படிக் காணாமல் போன ஒருவர் இருக்கலாம். எந்த வார்த்தையில் ஜெபிப்பது என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் ஆண்டவரை நம்பி, ‘தெரியாது’ என்றே சொல்லத் தொடங்குங்கள். பாதியில் குரல் உடைந்தால் உடையட்டும். மீதியை உங்கள் பின்னால் இருப்பவர்கள் சொல்லி முடிப்பார்கள்.